தின் கிளையண்டில் டாஸ் விளையாட்டு: பெட்டி சின்னது, சிக்கல் சத்தத்தில்

வங்கிக் கிளையிலோ மருத்துவமனை பில்லிங் கவுண்டரிலோ மானிட்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விசிறி இருக்காது, பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்காது. தின் கிளையண்ட் என்பார்கள். கணக்கு போடுவது, கோப்பு சேமிப்பது எல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கும். இந்தப் பெட்டி திரையைக் காட்டும், கீபோர்டில் தட்டியதை அனுப்பும், அவ்வளவுதான். அலுவலகம் புதிய சாதனத்துக்கு மாறும்போது இவற்றை மொத்தமாகக் கழித்துவிடுவார்கள், எடைக்குப் போகும்.

அப்படிக் கழிக்கப்படும் பெட்டிகளில் சில, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடிய 1990களின் விளையாட்டுகளையும் விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளையும் ஆடுவதற்கு இன்று கிடைக்கிற மிக நல்ல கருவிகள் என்பது என் உறுதியான கருத்து. சில மட்டும்தான், எல்லாம் இல்லை. எது ஆகும், எது ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து விளையாட்டுகள் கம்ப்யூட்டரிடம் என்ன எதிர்பார்த்தன என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995-ல் சிட்ரிக்ஸ் நிறுவனம் வின்ஃபிரேம் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒரே விண்டோஸ் என்டி சர்வரில் பலர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை செய்ய அது வழி செய்தது. 1996-ல் ஆரக்கிளின் லாரி எலிசன், ‘இனி மேசைக்கு மேசை முழு பிசி வேண்டாம், நெட்வொர்க் கம்ப்யூட்டர் போதும்’ என்று ஊர் ஊராகப் பேசினார். 1998-ல் மைக்ரோசாஃப்ட்டே என்டி 4.0-க்கு டெர்மினல் சர்வர் பதிப்பைக் கொண்டுவந்தது. வைஸ், நியோவேர், ஐஜெல், ஃபுஜிட்சு, ஹெச்பி என்று பலரும் பெட்டி செய்தார்கள். 2007-ல் நியோவேரை ஹெச்பி வாங்கியது, 2012-ல் வைஸை டெல் வாங்கியது.

நமக்கு வேண்டியது அந்தப் பெட்டிக்குள் பொறியாளர்கள் எடுத்த முடிவுகள். விசிறி கூடாது என்றதால், சூடாகாத மெதுவான பிராசஸரைப் போட்டார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பார்கோடு ரீடரும் ஓட வேண்டும் என்றதால், லேப்டாப்கள் கைவிட்ட பிறகும் பேரலல் போர்ட்டையும் சீரியல் போர்ட்டையும் வைத்திருந்தார்கள். பழைய கீபோர்டைத் தூக்கிப் போட மனமில்லாத வாடிக்கையாளருக்காக வட்டமான பிஎஸ்/2 துளைகள் இருந்தன. பழைய மானிட்டருக்காக விஜிஏ இருந்தது. ஆக, கடைக்கு வந்த தேதியைவிடப் பல வருடம் பழைய அமைப்பு அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. கடையில் யாரும் பெருமையாகச் சொல்லி விற்காத இந்தப் பழமைதான் நமக்கு லாபம்.

என்னிடம் இருப்பது ஹெச்பியின் டி5720. 2000களின் நடுவில் வந்த மாடல். இதே குடும்பத்தில் டி5725 லினக்ஸோடு வந்தது. டி5720-ல் விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடெட் இருக்கும். உள்ளே இருக்கும் பிராசஸர் ஏஎம்டியின் ஜியோட் என்எக்ஸ் 1500. ‘ஜியோட்’ என்ற பெயரைப் பார்த்து ஏதோ பொம்மைச் சில்லு என்று நினைத்துவிட வேண்டாம். ஜியோட் குடும்பத்தில் என்எக்ஸ் வரிசை மட்டும் தனி ரகம். அது அத்லான் எக்ஸ்பியின் அதே உள்ளமைப்பு. 1 கிகாஹெர்ட்ஸில், சராசரியாக 6 வாட்டில் ஓடும்படி தணித்து வைத்தது. கூடவே சிஸ் 741 வகைச் சிப்செட், அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ். விண்டோஸ் 98 காலத்தின் கடைசி மேசைக் கம்ப்யூட்டர்களில் ஒன்றை, விசிறியில்லாமல், ஒரு தடிமனான புத்தக அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் சரி.

இதற்குப் பின்னால் வந்த டி5730 கேட்பதற்கு இன்னும் பலமானது, ரேடியான் எக்ஸ்1250 கிராஃபிக்ஸ். ஆனால் அந்த ரேடியானுக்கு விண்டோஸ் 98 டிரைவரே கிடையாது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. டி5740-ல் இன்டெல் ஆட்டம் என்280. அதற்கும் விண்டோஸ் 98 கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை, ஆனால் வெறும் டாஸுக்கு நன்றாகவே உழைக்கும். புதுசு என்பதால் ஒரு பெட்டி நமக்கு மேலானதாகிவிடாது. எந்த விண்டோஸ் வரை டிரைவர் எழுதினார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய விளையாட்டு ஓட்டப் பெட்டி தேடுபவர்கள் பெரும்பாலும் பிராசஸர் வேகத்தையும் கிராஃபிக்ஸையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். டாஸ் விளையாட்டைப் பொறுத்தவரை அவை இரண்டும் பெரிய தலைவலியே இல்லை. விஜிஏ 1987-ல் வந்த தரம். இன்றைக்கும் பெரும்பாலான சிப்செட்கள் அதைப் புரிந்துகொள்ளும். படம் வந்துவிடும். வராதது சத்தம்.

டாஸில் இன்று நாம் சொல்லும் பொருளில் ‘சவுண்ட் டிரைவர்’ என்று ஒன்று கிடையாது. விளையாட்டே நேராக சவுண்ட் கார்டின் முகவரிகளில் எண்களை எழுதும். ஆட்லிப் கார்டில் யமஹாவின் ஒய்எம்3812 என்ற சில்லு இருந்தது. பதினாறடிமான (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும்) முகவரி 388-ல் எழுதினால் இசை வரும். 1989-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அதையும் சேர்த்துக்கொண்டு, குரல், வெடிச்சத்தம் போன்ற பதிவு ஒலிக்கு ஒரு தனிச் சில்லையும் வைத்தது. அதன் வழக்கமான இடம் 220. 1990களில் ஆட்டோஎக்ஸெக் கோப்பைத் திருத்திப் பழகியவர்களுக்கு அந்த வரி மனப்பாடமாக இருக்கும்: முகவரி 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ 1, கார்டு வகை 4.

கார்டு இருக்கிறதா என்று விளையாட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். முகவரி 226-ல் 1 என்று எழுதும். சில மைக்ரோசெகண்ட் பொறுத்து 0 என்று எழுதும். பிறகு 22ஏ என்ற முகவரியைப் படித்துப் பார்க்கும். அங்கே ஏஏ, அதாவது நம் கணக்கில் 170, என்ற எண் வந்தால் கார்டு இருக்கிறது. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து சரியான குறிச்சொல் வந்தால்தான் நுழைவது மாதிரி. வரவில்லை என்றால் விளையாட்டு ஊமையாகத் தொடங்கும், அல்லது தொடங்கவே தொடங்காது.

அந்தக் கார்டுகள் எல்லாம் ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட்டில் உட்கார்ந்தவை. குறிச்சொல் சொல்வதோடு வேலை முடியவில்லை. ஒலித் தரவை மெமரியிலிருந்து தானே இழுத்துக்கொள்ள டிஎம்ஏ சேனலும் வேண்டும், ஒரு துண்டு முடிந்ததும் ‘அடுத்ததைக் கொடு’ என்று பிராசஸரைக் கூப்பிடக் குறுக்கீடும் வேண்டும். பிசிஐ ஸ்லாட் வந்தபோது இந்த ஐஎஸ்ஏ டிஎம்ஏ அதில் இல்லை. அப்புறம் 1997-ல் ஏசி97 என்ற மலிவான ஒலித் தரமும், 2004-ல் ஹெச்டி ஆடியோவும் வந்து மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டன. பாட்டு கேட்க அவை தாராளம். ஆனால் 226-ல் போய்த் தட்டினால் அங்கே யாரும் இல்லை. தின் கிளையண்ட் பெட்டிகளில் இருப்பது ஏறக்குறைய எப்போதும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதற்கு வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

எளிதான வழி விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. அதன் டபிள்யூடிஎம் வகை ஒலி டிரைவர்களோடு ஒரு போலி சவுண்ட் பிளாஸ்டரும் சேர்ந்தே வரும். விண்டோஸுக்குள்ளேயே டாஸ் சன்னல் திறந்து விளையாட்டைத் தொடங்கினால், விளையாட்டு 220-ல் எழுதுவதை விண்டோஸ் இடைமறித்து ஏசி97-க்கு அனுப்பிவிடும். டி5720 மாதிரிப் பெட்டியில் பாதி விளையாட்டுகளுக்கு இதுவே போதும். யமஹா சில்லு எழுப்பும் எஃப்எம் இசை மட்டும் அசல் மாதிரி இருக்காது, காதுக்குச் சற்று உறுத்தும். விண்டோஸுக்குள் ஓட மறுக்கும் விளையாட்டுகளுக்கும் இது உதவாது.

அடுத்த வழி சமீபத்தியது, என்னை மிகவும் உற்சாகப்படுத்தியது. எஸ்பிஇஎம்யூ என்ற திறந்தமூல மென்பொருள். விண்டோஸே இல்லாமல், சுத்தமான டாஸில், ஏசி97-ஐயும் ஹெச்டி ஆடியோவையும் சவுண்ட் பிளாஸ்டராக நடிக்க வைக்கிறது. எப்படி? 386-லிருந்தே இன்டெல் பிராசஸர்களில் ஒரு வசதி உண்டு: ஒரு நிரலைக் கண்காணிப்பில் ஓடவிட்டு, அது குறிப்பிட்ட முகவரியைத் தொட்டதும் நிறுத்தி, வேறொரு நிரலிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கலாம். எஸ்பிஇஎம்யூ அந்த வேறொரு நிரல். விளையாட்டு 226-ல் தட்டுகிறது. எஸ்பிஇஎம்யூ 22ஏ-வில் 170 வைத்துக் கொடுக்கிறது. விளையாட்டு யமஹா சில்லுக்கு எழுதினால், அந்தச் சில்லு என்ன ஒலி எழுப்பியிருக்கும் என்று கணக்குப் போட்டு அலைவடிவமாக்கி உண்மையான ஒலிச் சில்லுக்கு அனுப்புகிறது. அந்தக் கணக்குக்கு, இன்றைய கம்ப்யூட்டரில் பழைய டாஸ் பிசியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரின் நிரலையும், ஒலிச் சில்லோடு பேச எம்பிஎக்ஸ்பிளே என்ற பழைய டாஸ் பாட்டுப் பெட்டியின் டிரைவர்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ பாட்டு கேட்க எழுதிய டிரைவர் இப்படி இன்னொரு வேலைக்கு உதவுவதுதான் திறந்தமூலத்தின் அழகு.

உத்தி புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997-ல் சைரிக்ஸ் நிறுவனம் மீடியா ஜிஎக்ஸ் என்ற மலிவு பிராசஸரில் இதையே செய்தது. அதில் சவுண்ட் பிளாஸ்டர் கார்டே கிடையாது. 220-ஐத் தொட்டதும் பிராசஸர் ஒரு மறைவான நிலைக்குப் போய், சவுண்ட் பிளாஸ்டரின் வேலையைத் தானே செய்துவிட்டுத் திரும்பும். விளையாட்டுக்கு எதுவும் தெரியாது. சைரிக்ஸை நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது, அந்தப் பிராசஸர் வழி ஜியோட் ஆனது, 2003-ல் அது ஏஎம்டியிடம் போனது. வைஸின் எஸ்10 போன்ற குட்டிப் பெட்டிகளில் இருக்கும் ஜியோட் ஜிஎக்ஸ் அந்த வம்சம்தான். என்னுடைய என்எக்ஸ் பெயரில் மட்டும் ஜியோட், ரத்தத்தில் அத்லான்.

எஸ்பிஇஎம்யூவுக்கும் எல்லை உண்டு. கண்காணிப்பில் ஓட மறுக்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. 1992-ல் வந்த அல்டிமா 7 தனக்கென்று ஒரு மெமரி மேலாளரை வைத்திருந்தது. இஎம்எம்386 போன்ற வேறு மெமரி மேலாளர் நிரல் எதுவும் முன்னால் இருந்தால் அது தொடங்காது. எஃப்எம் இசையைக் கணக்குப் போடப் பிராசஸருக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். 1 கிகாஹெர்ட்ஸ் பெட்டி சிரமமில்லாமல் செய்யும். எஸ்10 மாதிரி 366 மெகாஹெர்ட்ஸ் பெட்டியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாங்குமுன் அந்தப் பெட்டியின் ஒலிச் சில்லு எஸ்பிஇஎம்யூவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது தின் கிளையண்டின் அலுவலகத்தனத்தையே பயன்படுத்துகிறது. பேரலல் போர்ட் இருக்கிறதல்லவா? அதில் செருகும் ஓபிஎல்2எல்பிடி என்ற சின்னக் கருவி இருக்கிறது. உள்ளே உண்மையான யமஹா சில்லு. ஒரு சின்ன டாஸ் நிரல், விளையாட்டு 388-ல் எழுதுவதைப் பிடித்து பிரிண்டர் போர்ட் வழியாக அந்தச் சில்லுக்குத் தள்ளிவிடும். கணக்குப் போட்டு உண்டாக்கிய ஒலி இல்லை இது; அசல் சில்லின் அசல் இசை. பிரிண்டர் போர்ட்டில் ஒலிக் கருவி மாட்டுவதும் அந்தக் காலத்து வழக்கம்தான். 1987-லேயே கோவாக்ஸ் நிறுவனம் அப்படி ஒன்றை விற்றது. சீரியல் போர்ட்டும் சும்மா இருக்க வேண்டாம். சாஃப்ட்எம்பியூ என்ற நிரல் விளையாட்டின் மிடி இசையை, அதாவது இசைக் கருவிக்கான கட்டளைகளை, அதன் வழியே வெளியே அனுப்பும். மறுமுனையில் ரோலண்ட் எம்டி-32 என்ற இசைப் பெட்டி இருந்தால், அல்லது அதைப் போல நடிக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தால், சியரா நிறுவன விளையாட்டுகளின் இசையை அதை எழுதியவர்கள் கேட்ட மாதிரியே கேட்கலாம். ஸ்டேட்மெண்ட் அச்சடிக்கவும் பார்கோடு வாசிக்கவும் வைத்த துளைகள் இவை.

ஒன்றை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபுகளிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் நாம் முதலில் ஆடியவற்றில் பலவற்றுக்கு சவுண்ட் கார்டே தேவையில்லை. டேவ், பாராட்ரூப்பர், டிக்கர் எல்லாம் உள்ளே இருக்கும் பிசி ஸ்பீக்கரில் கீச்சிட்டவை. அந்தக் கீச்சு ஒரு டைமர் சில்லிலிருந்து வருகிறது. அதன் செயல்பாட்டை இன்றுவரை சிப்செட்கள் சுமந்துகொண்டிருக்கின்றன. பெட்டிக்குள் பீப் ஸ்பீக்கர் இருந்தால் அவை எந்த ஏற்பாடும் இல்லாமல் பேசும்.

அவற்றின் பிரச்சினை வேறு: வேகம். 1980களின் தொடக்கத்தில் எழுதிய விளையாட்டுகள் பல, ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பியே எழுதப்பட்டவை. காத்திருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும். 1 கிகாஹெர்ட்ஸில் அந்த எண்ணிக்கை கண் சிமிட்டும் முன் முடிந்துவிடும். 1990-ல் வந்த விங் கமாண்டர்கூட 486-லேயே தலைதெறிக்க ஓடும். பழைய கேபினெட்களில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கும். அதை அமுக்கி மெதுவாக்கியது இதற்காகத்தான்.

இதைவிடச் சுவையான நோய் ஒன்று உண்டு. போர்லாண்ட் பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போதே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிப் படுத்துவிடும். காரணம் இது: அந்த மொழியின் திரை நூலகம், கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று அறிய, டைமர் ஒரு முறை துடிக்கும் 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தைத் தாண்டினால் அடங்காது. வகுத்தல் பிழையாகி நிரல் சாகும். 1994-ல் வந்த ஜாஸ் ஜாக்ராபிட் இதில் சிக்கும். நல்லவேளை, அந்த நூலகப் பகுதியை மட்டும் திருத்தும் சின்ன ஒட்டு நிரல்கள் இருக்கின்றன.

பொதுவான மருந்து, பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் என்ற வேக மெமரியை அணைத்துவிடுவது. 486-லிருந்து வந்த எந்த எக்ஸ்86 பிராசஸரிலும் (இன்டெல் பிசி வகை) ஒரு கட்டுப்பாட்டு பிட்டை மாற்றினால் கேஷ் வேலை செய்யாது. ஒவ்வொரு கட்டளைக்கும் மெமரிக்குப் போய் வர வேண்டியிருப்பதால் கிகாஹெர்ட்ஸ் பெட்டியும் 386 காலத்துக்குத் தவழ்ந்து வந்துவிடும். ஆனால் இடைநிலை வேகம் வேண்டும் என்றால் வையா சி3 பிராசஸருக்கு இணை இல்லை. அதில் கிளாக் பெருக்கியையும் கேஷையும் தனித்தனியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸிலிருந்து மாற்றலாம். செட்மல் என்ற நிரல் அதற்கென்றே இருக்கிறது. ஒரே பெட்டி காலையில் 386, மாலையில் பென்டியம் 2. 2000களின் தொடக்கத்துத் தின் கிளையண்ட்கள் பலவற்றில் வையாவின் ஈடன் பிராசஸர் இருக்கும். ஈடன் என்ற பெயரில் சி3 உள்ளமைப்பும் வந்தது, பின்னால் சி7 உள்ளமைப்பும் வந்தது. நமக்கு வேண்டியது சி3. விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. பயாஸ் திரையில் பார்த்தோ மாடல் எண்ணைத் தேடியோதான் உறுதி செய்ய வேண்டும். டூம், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா போன்றவை நேரத்தை டைமரிலிருந்து எடுப்பதால் எந்த வேகத்திலும் ஒழுங்காக ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயந்துகொண்டு எல்லாவற்றையும் மெதுவாக்க வேண்டாம்.

‘இவ்வளவு பாடு எதற்கு, டாஸ்பாக்ஸ் இருக்கிறதே’ என்ற கேள்வி நியாயமானது. 2002-லிருந்து டாஸ்பாக்ஸ் செய்த சேவைக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு விளையாட்டை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றால் அதுவே போதும். பெட்டி வேண்டும் என்று நான் சொல்வது திரைக்காக. டாஸ் விளையாட்டுகளின் புகழ்பெற்ற திரை நிலை 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள், விநாடிக்கு 70 முறை புதுப்பிப்பு. இன்றைய மானிட்டர் பெரும்பாலும் 60 முறை. 70-ஐ 60-க்குள் திணிக்கும்போது சில காட்சிகள் விழுந்துவிடும். பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளில் அது தடுமாற்றமாகக் கண்ணில் படும். தின் கிளையண்டின் விஜிஏ போர்ட்டிலிருந்து நேராக ஒரு பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டருக்குப் போனால் 70 என்பது 70-ஆகவே வரும். அந்த வழுவழுப்பைப் பார்த்த பிறகு மறுபடி எமுலேட்டருக்குப் போக மனம் வராது.

குழாய் மானிட்டருக்கு இடமில்லை என்றால் 4:3 வடிவ எல்சிடி ஒன்றைத் தேடுங்கள். 320-க்கு 200 என்ற கணக்கில் புள்ளிகள் சதுரம் இல்லை, உயரம் கூடியவை. அகலத் திரையில் இழுத்துவிட்டால் டூமின் அரக்கர்கள் எல்லாரும் குட்டையும் தடியுமாக நிற்பார்கள். எல்சிடியில் இன்னொரு தொந்தரவும் உண்டு: இந்த விளையாட்டு நிலையும், 720-க்கு 400 என்ற டாஸ் எழுத்து நிலையும் கம்பியில் ஒரே மாதிரித் தெரிவதால், மானிட்டர் இதையும் 720 என்று எண்ணிக்கொண்டு ஓரங்களை மங்கலாக்கும். நல்ல மானிட்டர்களில் மெனுவில் போய்ச் சரிசெய்யலாம்.

சேமிப்பு விஷயம் சுலபம். டி5720 வகைப் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க் இடத்தில் 44 ஊசி ஐடிஇ துளையில் ஒரு சின்ன ஃபிளாஷ் பலகை செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஐடிஇ-ஆக மாற்றும் அடாப்டரைச் செருகினால் முடிந்தது. காம்பாக்ட் ஃபிளாஷ் பிறவியிலேயே ஐடிஇ பேசும், இடையில் மொழிபெயர்ப்பு கிடையாது. அடாப்டரைத் திருப்பிச் செருகிவிடாமல் முதல் ஊசி எது என்று பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு ஊசிகளில்தான் மின்சாரம் போகிறது. கார்டில் டாஸ் 6.22 போட்டால் பிரிவு ஒன்றுக்கு 2 ஜிபி எல்லை. விண்டோஸ் 98-ன் டாஸோ ஃப்ரீடாஸோ போட்டால் ஃபேட்32, அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 98 போடுபவர்கள் ரேமை 512 எம்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் அதன் கோப்புக் கேஷ் முகவரி இடத்தை எல்லாம் விழுங்கிவிட்டு ‘மெமரி போதவில்லை’ என்று அழும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் கேஷுக்கு ஒரு உச்சவரம்பு எழுதி வைத்தால் அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு விண்டோஸ் பக்கத்தில் ரோட் ரேஷ், கிளா, விர்ச்சுவா காப் 2, என்எஃப்எஸ் 2 சிறப்புப் பதிப்பு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்று நம் ஊர் வீடுகளில் சுற்றிய விளையாட்டுகள் டி5720-க்குப் பொருத்தமான சுமை. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக எழுதிய கிளைடு மென்பொருளை மட்டும் நம்பிய விளையாட்டுகள் வேண்டும் என்றால் பிசிஐ ஸ்லாட் விரிவாக்கம் உள்ள பெட்டியைத் தேட வேண்டும். சில மாடல்களுக்குப் பக்கவாட்டில் மாட்டும் அந்த விரிவாக்கக் கூடு தனியாகக் கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஒரு வூடூ கார்டையும் போடலாம், டாஸுக்கு ஏற்ற யமஹா பிசிஐ ஒலி கார்டையும் முயன்று பார்க்கலாம். இரண்டில் ஒன்றுதான். ஜாய்ஸ்டிக்கைப் பொறுத்தவரை ஏமாற்றம்தான்: சவுண்ட் கார்டில் இருந்த 15 ஊசி கேம் போர்ட் இதில் இல்லை, யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கைப் பெரும்பாலான டாஸ் விளையாட்டுகள் அறியாது. கீபோர்டுதான். பிஎஸ்/2 கீபோர்டே மாட்டுங்கள்.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு பழைய சாமான் கடையிலோ தின் கிளையண்ட் என்று கையில் கொடுப்பதெல்லாம் பிசி ஆகாது. பள்ளிகளில் நிறையப் புழங்கிய என்கம்ப்யூட்டிங் பெட்டிகள் தனியாக ஓடும் கம்ப்யூட்டரே இல்லை. தாய்க் கம்ப்யூட்டர் இல்லாமல் அவற்றால் எதுவும் செய்ய முடியாது. சன் ரே அழகான பெட்டி, ஆனால் உள்ளே எக்ஸ்86 கிடையாது. வைஸ் டி10-ல் இருப்பது மொபைல் போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைப் பிராசஸர். இவற்றில் டாஸ் ஓடாது. அடாப்டரையும் சேர்த்தே கேளுங்கள்: 12 வோல்ட் கேட்பவை உண்டு, 19 வோல்ட் கேட்பவையும் உண்டு, துளை ஒன்று போலவே இருக்கும். மூடியைத் திறக்க விட்டால் மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். 2000களின் முதல் பாதியில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பரவியிருந்தன. உப்பியிருந்தால் மாற்ற வேண்டிவரும், சாலிடர் தெரிந்தவருக்குப் பெரிய வேலை இல்லை. சிஆர்2032 பேட்டரியை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் பயாஸ் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறக்கும். அலுவலகத்திலிருந்து வந்த பெட்டி என்பதால் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். பல மாடல்களில் அதை அழிக்க ஒரு ஜம்பர் இருக்கும், கடையிலேயே அந்த மாடலின் சேவைக் கையேட்டை போனில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டுகளுக்குத் திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை. டூமின் முதல் பகுதி ஷேர்வேராக, அதாவது ஆடிப் பார்க்கக் கொடுக்கும் மாதிரியாக, 1993-லிருந்தே இலவசம். ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்கும் பழைய விளையாட்டுகள் பலவும் டாஸ்பாக்ஸோடு கட்டிய அசல் டாஸ் கோப்புகள்தான். அந்தக் கோப்புறையை அப்படியே கார்டுக்கு நகலெடுத்து, ஒலி அமைப்பு நிரலில் முகவரி 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ 1 என்று கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். சிடி படிமமாக வருபவற்றை டாஸிலேயே ஒரு டிரைவ் எழுத்தாக மாட்டும் நிரல்கள் உண்டு. சிடியின் பாட்டுத் தடங்கள் மட்டும் அதில் ஒலிக்காது. எல்லாம் சரியாக அமைந்த நாளில் கார்டைக் கழற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, முழுக் கார்டையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். விண்டோஸ் 98 என்றைக்காவது கெட்டுப்போகும். அன்று மறுபடி நிறுவிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. படிமத்தைக் கார்டில் திருப்பி எழுதினால் போதும்.